ஊருக்குப் பூட்டான்

கொரியாவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். அங்கே கணவாய் மீனைக் காயவைத்து விற்றுப் பிழைப்பவள் சூ-ஜா. அறுபத்து மூன்று வயது வரைக்கும் அவள் ஏறிய பெரிய வண்டி என்றால் தலைநகருக்குப் போகும் பேருந்துதான். அப்படிப்பட்டவள் மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பனிக்காலத்துக் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு மீனம்பாக்கம் விமான நிலையத்து வாசலில் வந்து நின்றாள்.

மகனைப் பார்க்க வந்திருந்தாள். மகன் பெயர் மின்-கி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நாலு வருஷமாக வேலை. அப்பா இறந்த செய்தி கேட்டு அவன் விமானம் பிடித்து வருவதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. மண்மேட்டின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனவன் அப்புறம் ஊர்ப்பக்கம் வரவேயில்லை. முதல் வருஷத் திதிக்கு வருவதாகச் சொன்னான். கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்றான். அதில் தாய்க்கும் மகனுக்கும் வார்த்தை தடித்தது. பேச்சு குறைந்து குறைந்து, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு நின்றுபோயிற்று.

இரண்டாம் வருஷத் திதி நெருங்கியபோது சூ-ஜா யோசித்துப் பார்த்தாள். அவன் வரப்போவதில்லை, நாம் போய்விடுவோம் என்று தோன்றியது. புருஷனின் படத்தையும், படைப்பதற்கான காய்ந்த மீனையும், சின்ன புட்டியில் அரிசி மதுவையும் பெட்டியில் வைத்தாள். மகனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், வெயில் தாங்கமாட்டாய், உனக்கு இங்கிலீஷும் தெரியாது, வராதே என்பான்.

இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் அவள் தமிழ் படித்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரி அவளுடைய போனில் ஒரு தமிழ்ப் பாடத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வெயிலில் கணவாயைத் திருப்பிப் போட்டபடியே சூ-ஜா அதைக் கேட்பாள். ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாகச் சொல்லும். இவள் திருப்பிச் சொல்வாள். "வணக்கம். நான் கொரியாவிலிருந்து வருகிறேன். என் மகன் எங்கே இருக்கிறான்? மிக்க நன்றி." இந்த நாலு வாக்கியமும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரும்.

இறங்கிய இடத்தில் அந்தத் தமிழை ஒருவரும் பேசவில்லை.

வாசலைத் தாண்டியதுமே "அம்மா" என்று ஒரு குரல் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. கொரிய மொழியிலும் பெற்றவளைக் கூப்பிடும் சொல் ஏறக்குறைய அதுதான். ஆனால் வயிற்றில் பிறந்த பிள்ளைதான் அப்படிக் கூப்பிடும். அவள் சடக்கென்று திரும்பினாள். மீசை வைத்த ஒரு டாக்சிக்காரர் நின்றிருந்தார். அதற்குள் இந்தப் பக்கம் இன்னொருவர் அம்மா என்றார்; பின்னாலிருந்து ஒருவர் ம்மா, ம்மா என்று பெட்டியைப் பிடித்தார். யாருடைய தாயைத் தேடுகிறார்கள் இவர்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் பார்வைக்கு மின்-கியின் வயசாகத் தெரிந்த ஒரு பையனின் வண்டியில் ஏறினாள். அவன் பெயர் சந்தோஷ். மகனுக்கு மிளகாய் விழுது அனுப்பும் பார்சல்களில் ஒட்டுகிற முகவரிச் சீட்டு ஒன்றை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவன் அதை உரக்கப் படித்து, "கரையான்சாவடியா? போலாம்மா" என்றான்.

வழி நெடுக சந்தோஷ் ஏதேதோ கேட்டுக்கொண்டு வந்தான். எல்லாவற்றுக்கும் அவள் மிக்க நன்றி என்றாள். ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். தலைக்கு மேலே மெட்ரோ பாலம் கூடவே ஓடிவந்தது. போரூர், ஐயப்பன்தாங்கல் எல்லாம் தாண்டி, வண்டி மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியது. அவன் கண்ணாடியை இறக்கி, பூக்கடையில் நின்ற ஒருவரிடம் தெருப்பெயரைச் சொல்லி, இதுதானே என்று கேட்டான். அந்த ஆள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை என்கிறார் என்று சூ-ஜா நினைத்தாள். ஆனால் சந்தோஷ் அதே தெருவுக்குள்ளேயே வண்டியை விட்டான். அடுத்த திருப்பத்தில் இன்னொருவரும் அப்படியே தலையை ஆட்டினார். இத்தனை பேர் இல்லை என்று சொல்லியும் இவன் ஏன் போய்க்கொண்டே இருக்கிறான் என்று அவள் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஒரு மாடி வீட்டின் முன்னால் நின்றது. கீழ்வீட்டில் குடியிருந்தவள்தான் வீட்டுக்காரி, கஸ்தூரி. அவள் புருஷன் கஜபதி திருமழிசைப் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாடியில் ஓர் அறையைத்தான் மின்-கிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கஸ்தூரி கேட்டைத் திறந்து, சிவந்த கன்னமும் கையில் கம்பளிக் கோட்டுமாக நிற்பவளைப் பார்த்துத் திகைத்தாள்.

"வணக்கம். நான் கொரியாவிலிருந்து வருகிறேன். என் மகன் எங்கே இருக்கிறான்?"

"இன்னாம்மா?" என்றாள் கஸ்தூரி.

இது பாடத்தில் இல்லை. சூ-ஜா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பிறகு போனில் மகனின் படத்தை எடுத்துக் காட்டினாள். கஸ்தூரியின் முகம் மலர்ந்தது. உடனே இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அய்ய, நம்ம மணி! மணியோட அம்மாவா நீ? நீ இங்க வந்து நிக்கற, அவன் உன்ன பாக்க ஊருக்குப் பூட்டானேம்மா. நேத்து ராத்திரிதான் பிளைட்டு ஏறினான். அவுங்கப்பாவுக்கு திதி, இந்தவாட்டி எப்படினா போயே தீருவேன், அம்மாவாண்ட சொல்லாம போய் நிக்கப்போறேன்னு சொல்லிக்கினு போனான். ரெண்டு பேரும் ஒரு வார்த்த போன்ல பேசிக்கினா இன்னா?"

மின்-கி என்ற பெயர் அந்தத் தெருவுக்கு வந்த வாரமே மணியாகிவிட்டிருந்தது. அது சூ-ஜாவுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு பேச்சில் அம்மா என்ற சொல்லும் அப்பா என்ற சொல்லும் மட்டும் அவள் காதில் தங்கின. அப்பா என்பதும் கொரிய மொழியில் அப்பாதான். இறந்துபோன மனுஷனைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும், அவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்று குழம்பினாள். மணி, மணி என்று அவள் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னதைக் கேட்டு, மணி என்றால் மகன் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

சந்தோஷ் பெட்டியை இறக்கி வைத்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். வருகிறேன் என்ற சொல் அவளுக்குத் தெரியும். ஆகவே அவன் திரும்பி வருவான் என்று கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரிக்கு ஒரு யோசனை தோன்றியது. மணி அவளுடைய போனில் ஒரு மொழிபெயர்க்கும் சமாச்சாரத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். வாடகை, தண்ணி மோட்டார் என்று ஏதாவது சொல்லவேண்டி வந்தால் இரண்டு பேரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். கஸ்தூரி அதைத் திறந்து, வாயருகே வைத்து, ஊருக்கே கேட்கும் குரலில், "மணி ஊருக்குப் பூட்டாம்மா" என்றாள்.

போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு சுத்தமான கொரிய மொழியில், "ஊரிலுள்ள மணி பூட்டப்பட்டிருக்கிறது, அம்மா" என்றது.

இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முதலாகச் சொந்த மொழி கேட்ட சந்தோஷத்தில் சூ-ஜாவின் கண் கலங்கியது. ஆனால் சொன்னது என்ன? எந்த மணி? கோயில் மணியா? அதை எதற்குப் பூட்ட வேண்டும்? அவள் போனிடம் குனிந்து, கொரிய மொழியிலேயே, என் மகன் எப்போது திரும்பி வருவான் என்று கேட்டாள். அது சரியாகவே தமிழில் சொல்லிற்று. கஸ்தூரி விரல்கள் எல்லாவற்றையும் விரித்துக் காட்டி, "பத்து நாளு ஆவும்" என்றாள்.

"பத்து நாள். ஆவி" என்றது போன்.

சூ-ஜா காதைப் போனருகே கொண்டுபோனாள். பேய் என்பதற்கு அவர்கள் ஊரில் சொல்லும் அதே சொல்லைத்தான் அது சொன்னது. தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லும்படி கையால் கேட்டாள். கஸ்தூரி இன்னும் சத்தமாகச் சொன்னாள். போன் மறுபடியும் ஆவி என்றது.

வாயால் ஆகவில்லை, கண்ணால் காட்டிவிடலாம் என்று கஸ்தூரி அவளை மாடிக்கு அழைத்துப்போனாள். அறையைத் திறந்துவிட்டாள். மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. ஃப்ரிட்ஜின் கதவு திறந்து, உள்ளே விளக்கில்லாமல் காலியாகக் கிடந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. ஒரு மூலையில் மகன் வேலைக்குப் போடும் பழைய பூட்ஸ் மட்டும் ஜோடியாக வைத்திருந்தது. சூ-ஜா அதைப் பார்த்தாள். புருஷன் போன பிறகு அவளும் அவருடைய ரப்பர் பூட்சை இப்படித்தான் கழுவித் துடைத்து ஜோடியாக வைத்தாள்.

"மேல பூட்டாம்மா, மேல" என்றாள் கஸ்தூரி. உள்ளங்கையை விரித்து, மெல்ல மெல்ல உயர்த்தி, ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினாள். வாயால் ஸ்... என்று ஒரு சத்தமும் கொடுத்தாள். விமானம் பறந்துபோவதை அதைவிட அழகாக யாரும் காட்டியிருக்க முடியாது.

சூ-ஜா அந்தக் கையையும் வானத்தையும் பார்த்தாள். சுவரைப் பிடித்தபடியே சரிந்து, சுருட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. இல்லை, இந்த ஊரில் தலையை ஆட்டினால் ஆமாம் என்கிறார்கள். வருகிறேன் என்றவன் வரவில்லை. எல்லாமே மாறித்தான் இருக்கிறது. வானத்தைக் காட்டினாலும் வேறு ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டாள். இன்னொரு பக்கம் அந்தக் காலி ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாவம், பயணக் களைப்பு, பசி மயக்கம் என்று கஸ்தூரி நினைத்தாள். கீழே கூட்டிவந்து ரசம் சோறு பிசைந்து வைத்தாள். சூ-ஜா தொடவில்லை. தன் போனில் மகனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இந்த ஊரில் அது சிக்னல் இல்லாத வெறும் கண்ணாடிச் சில்லாக இருந்தது. கஸ்தூரி தன் போனில் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அவள் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தாள். அதையும் சூ-ஜா பார்த்தாள்.

பிற்பகலில் கஸ்தூரி புருஷனுக்கு போன் செய்து, வீட்டில் நடக்கும் கூத்தைச் சொன்னாள். "மணி மூணாச்சு, ஒரு வா சோறு துண்ணல, பித்துப் புடிச்ச மாறி உக்காந்துகினு கீது. நீ சீக்கிரம் வாய்யா." அதில் மணி என்ற சொல் சூ-ஜாவின் காதில் விழுந்தது. சொன்னவளின் குரலில் இருந்த இரக்கமும் விழுந்தது. அவ்வளவுதான், மிச்சமிருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருப்பதைக் கண்ட கஸ்தூரிக்கு மனசு கேட்கவில்லை. புது ஊர், புது காத்து, ஏதாவது பயந்திருக்கும் என்று சாமி அலமாரியைத் திறந்தாள். முருகன் படத்துக்குக் கீழே இருந்த சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை திருநீற்றை அவள் நெற்றியில் பூசி, கண்ணை மூடச்சொல்லி ஊதினாள். டப்பாவைக் கீழே வைத்து, "ஒண்ணியும் ஆவாதும்மா" என்று முதுகைத் தடவினாள்.

சூ-ஜா நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தாள். சாம்பல். அவளுடைய நாத்தனாரைத் தகனம் செய்தபோது, ஒரு ஜாடியில் போட்டுக் கொடுத்தது இதே நிறத்தில், இதே மென்மையில் இருந்தது. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை கொஞ்சமா?

அவள் டப்பாவை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். சத்தமில்லாமல் தொடங்கிய அழுகை, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெரிதாயிற்று. கஸ்தூரி பதறிப்போய், தண்ணீர் கொடுத்தாள், விசிறினாள், எதற்கென்று தெரியாமலே தானும் அழுதாள். டப்பாவை வாங்கப் பார்த்தபோது சூ-ஜா விடவில்லை. அப்படி ஒரு பிடி. சாயங்காலம் கஜபதி வந்து செருப்பைக் கழற்றும்போது, கூடத்தில் இரண்டு பொம்பளைகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"யாரு செத்தது?" என்று கேட்டார் கஜபதி.

"தெர்லய்யா" என்றாள் கஸ்தூரி. "துண்ணூறு வெச்சேன், அதுலேர்ந்து இப்படிக் கீது."

அந்த நேரத்தில்தான் கஸ்தூரியின் போன் அடித்தது. வீடியோ கால். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். திரையில் பனித்தொப்பி போட்ட ஒரு தலை, பின்னால் இருட்டு, ஒரு தெருவிளக்கு. "அக்கா, என் அம்மா வீட்ல இல்ல. பூட்டு. பக்கத்துக் கடை சொல்றாங்க, அம்மா இண்டியா போச்சு" என்று மூச்சு வாங்கப் பேசியது அந்தத் தலை.

"இங்கதான்டா கீது உங்கம்மா, காலைலேர்ந்து" என்று கஸ்தூரி போனைத் திருப்பிப் பிடித்தாள்.

சூ-ஜா திரையைப் பார்த்தாள். மகனுக்குப் பின்னால் தெரிந்த கதவு அவள் வீட்டுக் கதவு. கணவாய் காயப்போடும் அவளுடைய மூங்கில் தட்டி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அதன் மேல் பனி விழுந்திருந்தது. இவன் எங்கே இருக்கிறான், இறந்துபோனவன் எப்படி அங்கே நிற்கிறான், அங்கே நிற்பவனை இங்கே எப்படிச் சாம்பலாக்கினார்கள் என்று ஒன்றும் ஒட்டவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது.

"கையுறை எங்கேடா? இந்தக் குளிரில் வெறுங்கையோடு நிற்கிறாயே."

"அம்மா, நீ ஏன் அங்கே போனாய்?"

"நீ ஏன் அங்கே போனாய்?"

 அவன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். திதிக்கு வந்தேன் என்றான். நானும் அதற்குத்தான் வந்தேன் என்றாள். உடனே அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அப்பா வீட்டில் பிள்ளைதான் படைக்க வேண்டும். கடைக்காரியிடம் சாவி இருக்கிறது, அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கு என்றாள். காரியத்தை முடித்துவிட்டு அந்த வாரமே திரும்பி வருவதாகவும், அதுவரை அவள் மாடியறையிலேயே இருக்க வேண்டும் என்றும் மின்-கி சொன்னான். இந்தத் தடவை அவன் சொன்னதை அவள் நம்பினாள். நெற்றியில் என்ன அது என்று அவன் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றி, இங்கே வெயில் அதிகம் என்றாள். அன்று அந்தக் கூடத்தில் அவள் என்ன நினைத்தாள் என்பதை மகனிடம் அவள் பிற்பாடும் சொல்லவில்லை.

மறுநாள் திதி. அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சூ-ஜா பெட்டியிலிருந்து புருஷனின் படத்தை எடுத்ததுமே கஸ்தூரி அவசரமாகப் போய்ச் சாமந்தி மாலை வாங்கிவந்தாள். காய்ந்த மீனைக் கண்டு, தானும் வஞ்சிரம் வறுத்தாள். சூ-ஜா ஒரு தட்டில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைக்க, கஸ்தூரி அதைத் தூக்கி ஒரு தலைவாழை இலையில் வைத்தாள். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் மாறி மாறி மீனைத் திருப்பி வைத்தார்கள். அரிசி மதுப் புட்டியைப் பார்த்துக் கஜபதி, "எங்க அப்பாவுக்கும் இத வெக்காம படைக்கமாட்டோம்" என்று சொல்லித் தானே ஒரு டம்ளர் கொண்டுவந்தார். சூ-ஜா நெடுஞ்சாண்கிடையாக இரண்டு தடவை விழுந்து எழுந்தாள். கஸ்தூரியும் விழுந்தாள், ஒரு தடவை. போனில் அந்தப் பக்கம் மின்-கி விழுந்து கும்பிடுவது பாதி தெரிந்தது. பாதியில் படம் உறைந்து, இணைப்பு அறுந்துபோயிற்று.

எல்லாம் முடிந்தது என்று சூ-ஜா நினைத்தாள். ஆனால் கஸ்தூரி இலையிலிருந்து கொஞ்சம் சோறும் ஒரு துண்டு காய்ந்த மீனும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். கைப்பிடிச் சுவரின் மேல் அதை வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

சூ-ஜாவுக்குத் திக்கென்றது. அவர்கள் ஊரில் காகம் கத்தினால் கெட்ட சேதி, கல்லெடுத்து விரட்டுவார்கள். இவள் எதற்கு அதை வருந்தி வருந்தி அழைக்கிறாள்? அதுவும் இன்றைக்கு? கேபிள் ஒயரில் வந்து உட்கார்ந்த ஒரு காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. சூ-ஜா கையை ஓங்கினாள். கஸ்தூரி சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள், விடவில்லை. இரண்டு பேரும் கையைக் கோத்தபடி வெயிலில் நின்றார்கள். காகம் வரவில்லை. கஸ்தூரியின் முகத்தில் கவலை கூடிக்கொண்டே போனது. மறுபடி மறுபடி கூப்பிட்டாள். குரல் கெஞ்சலாக மாறியது.

காகம் இறங்கிச் சுவரில் இரண்டு எட்டு நடந்தது. சோற்றை விட்டுவிட்டு, மீனைக் கொத்தித் தூக்கியது.

கஸ்தூரி பெருமூச்சு விட்டாள். பிடித்த கையை விட்டு, இரண்டு கையையும் குவித்தாள்.

"வந்துட்டாரும்மா" என்றாள்.

வந்து என்ற சொல் சூ-ஜாவுக்குப் புரிந்தது. யாரோ வந்திருக்கிறார்கள். அவள் கோட்டை இழுத்துவிடுவதுபோல சட்டையைச் சரிசெய்துகொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை.